மேக்லின் செலிப்ரினி: அப்பா பிசியோ என்பதால்தான் இந்தப் பையன் இப்படி ஆடுகிறானா?

சான்ஹோசே_சுந்தர் கேட்டது:

வணக்கம் மக்களே. ஐஸ் ஹாக்கியில் எனக்கு அரிச்சுவடிகூடத் தெரியாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மதுரைப் பக்கம் கிரிக்கெட்டும் கபடியும் பார்த்து வளர்ந்தவன். பத்து வருடமாக சான் ஹோசேயில் இருக்கிறேன், ஷார்க்ஸ் என்ற ஹாக்கி அணியின் அரங்கத்தைத் தாண்டித்தான் தினமும் ஆபீஸ் போகிறேன், உள்ளே ஒரு நாள்கூட எட்டிப் பார்த்ததில்லை. போன சீசனில் டீமில் ஒருவரால் போக முடியாமல் இரண்டு டிக்கெட் என் கைக்கு வந்தது. ஒன்பது வயது மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே இவ்வளவு குளிரும் என்று யாரும் சொல்லவில்லை, என் ஜாக்கெட்டையும் அவனுக்கே போட்டுவிட்டு நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முதல் பீரியட் முழுக்க பக் (பந்துக்குப் பதிலாக இருக்கும் வட்டு) எங்கே இருக்கிறது என்றே புரியவில்லை. ஆனால் 71-ஆம் நம்பர் பையன் ஒருவன் (அவன்தான் இந்த செலிப்ரினி) ஐஸில் இறங்கினாலே பக்கத்து சீட்காரர் பாப்கார்னை மடியில் வைத்துவிட்டு முன்னால் சாய்ந்து உட்காருவார். பிறகு அவனைப் பார்த்து ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். பக் கையில் இல்லாதபோதும் அவன் சும்மா இருக்கவில்லை, தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தான். கபடியில் நல்ல ரைடர் கோட்டைத் தொடுவதற்கு முன்பே எல்லோரையும் ஒரு சுற்று பார்த்து முடித்திருப்பான் இல்லையா, அந்த மாதிரி.

மறுநாள் ஆபீஸில் சொன்னால் ஒருவர் "அவன் அப்பா வாரியர்ஸ் பாஸ்கெட்பால் டீமின் டாக்டர், அப்புறம் ஏன் வரமாட்டான்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அது எவ்வளவு உண்மை? இந்தப் பையன் எங்கெங்கே ஆடி மேலே வந்தான், ஜூனியர் லீக் என்கிறார்களே அது என்ன, குடும்பத்தின் பங்கு என்ன என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். என் மகன் வேறு ஸ்கேட் வேண்டும் என்று உயிரை எடுக்கிறான், அதனால் கேள்வியில் கொஞ்சம் சுயநலமும் இருக்கிறது.

---

பாஸ்டன்_இட்லி:

சுந்தர், இந்தப் பையனை பாஸ்டன் யுனிவர்சிட்டியில் இருந்தபோது அகானிஸ் அரங்கத்தில் இரண்டு தடவை நேரில் பார்த்தவன் நான், அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிறந்தது 2006 ஜூன் 13, வான்கூவர் பக்கம். 2018-ல் அப்பா ரிக் செலிப்ரினி வாரியர்ஸில் சேர்ந்ததால் குடும்பம் பே ஏரியாவுக்கு, அதாவது சான் ஃபிரான்சிஸ்கோ, சான் ஹோசே வட்டாரத்துக்கு வந்தது. 2019-20 சீசனில், பதின்மூன்று வயதில், உங்கள் ஊரிலேயே சான் ஹோசே ஜூனியர் ஷார்க்ஸ் அணிக்கு ஆடியிருக்கிறான். இன்று ஷார்க்ஸுக்கு ஆடுபவன் சின்ன வயதில் அதே சின்னத்தைப் போட்டுக்கொண்டு ஆடியவன்தான். திட்டம் போட்டாலும் இப்படி அமையாது.

அதற்கடுத்து மினசோட்டாவில் ஃபாரிபோ என்ற சிற்றூரில் இருக்கும் ஷாட்டக் செயின்ட் மேரிஸ் என்ற விடுதிப் பள்ளி. சிட்னி கிராஸ்பி, ஜோனதன் டேவ்ஸ், நேதன் மெக்கினன் என்று பெரிய ஹாக்கி நட்சத்திரங்கள் எல்லோரும் ஆடிய பள்ளி அது. பதினான்கு வயதில் வீட்டை விட்டுப் போனவன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், இதற்குப் பிறகு வருகிற எதுவுமே வீட்டில் இருந்தபடி நடந்ததில்லை.

பதினாறு வயதில் 2022-23 சீசனுக்கு சிகாகோ ஸ்டீல். பெயர்தான் சிகாகோ, ஆடுவது ஜெனீவா என்ற புறநகரில். அது யுஎஸ்எச்எல் என்ற அமெரிக்க ஜூனியர் லீகில் ஒரு அணி, அங்கே இருபது வயதுப் பையன்கள் எல்லாம் ஆடுவார்கள். அவர்களுக்கு நடுவில் இவன் 50 ஆட்டத்தில் 46 கோல், 40 அசிஸ்ட் (அடுத்தவர் கோல் அடிக்கப் பக்கைக் கொடுத்தது), இரண்டும் சேர்த்து 86 புள்ளி. லீகிலேயே கோலிலும் புள்ளியிலும் முதலிடம். அந்த வருடத்தின் சிறந்த வீரர், சிறந்த ஃபார்வர்டு, சிறந்த புதுமுகம் மூன்று விருதும் ஒருவனுக்கே போனது. அதே 2023 வசந்தத்தில் கனடாவின் பதினெட்டு வயதுக்குட்பட்டோர் அணிக்காக ஸ்விட்சர்லாந்தில் 7 ஆட்டத்தில் 15 புள்ளி, வெண்கலம். தோளில் காயத்தோடுதான் ஆடியிருக்கிறான் என்பது அப்புறம்தான் வெளியே வந்தது, அந்தக் கோடையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டான்.

பிறகு எங்கள் ஊர். பதினேழு வயதில் கல்லூரி ஹாக்கி. எதிரில் நிற்பவர்களில் சிலருக்கு இருபத்துநான்கு வயது, முழுத் தாடி வேறு. 38 ஆட்டத்தில் 32 கோல், 32 அசிஸ்ட். கல்லூரி ஹாக்கியின் பெரிய விருதான ஹோபி பேக்கர் விருதை 2024-ல் வாங்கினான், அதை இவ்வளவு சிறு வயதில் வாங்கியவர் வேறு யாரும் இல்லை. முதலாமாண்டு மாணவராக இருந்து அதை வாங்கியவர்களே அவனுக்கு முன் மூன்று பேர்தான்: பால் கரியா, ஜாக் ஐக்கல், ஆடம் ஃபன்டில்லி.

ஆனால் எல்லாமே வெற்றி இல்லை. பாஸ்டன் காலேஜ் என்று இன்னொரு கல்லூரி, அதே கிரீன் லைன் டிராமில் ஏறினால் கடைசி ஸ்டாப். அந்த வருட ஹாக்கி ஈஸ்ட் என்ற கல்லூரி லீகின் இறுதியாட்டத்தில் எங்களை 6-2 என்று நொறுக்கினார்கள், அதில் நான்கு கோல் அடித்தவன் வில் ஸ்மித். அவன் யார் தெரியுமா? இப்போது ஷார்க்ஸில் செலிப்ரினியோடு ஒரே அணியில் ஆடுகிறான். நான் இன்னும் மன்னிக்கவில்லை. அதன் பின் தேசிய அரையிறுதியில் டென்வர் பல்கலைக்கழகத்திடம் கூடுதல் நேரத்தில் 2-1 என்று தோற்றோம். மறுநாள்தான் அவனுக்கு ஹோபி பேக்கர் அறிவித்தார்கள். மேடையில் கோப்பையோடு நின்றபோதும் முந்தின நாள் தோல்வி முகத்தில் அப்படியே இருந்தது, எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

2024 ஜூனில் லாஸ் வேகாஸில் டிராஃப்ட், அதாவது என்எச்எல் என்ற பெரிய தொழில்முறை லீகின் அணிகள் இளம் வீரர்களைச் சுற்றுச் சுற்றாக எடுக்கும் நிகழ்ச்சி. ஷார்க்ஸ் இவனை முதல் ஆளாக எடுத்தது. அதற்கு முந்தைய சீசனில் 82 ஆட்டத்தில் 19 மட்டும் ஜெயித்துக் கடைசி இடத்தில் கிடந்த அணி, அதனால்தான் அந்த வாய்ப்பே கிடைத்தது.

---

மொட்டைமாடி:

சென்னையில் உட்கார்ந்து யூடியூபில் மட்டும் ஹாக்கி பார்ப்பவன் நான், அதனால் திட்டாதீர்கள். ஆனால் ஆபீஸ்காரர் சொன்னது முழுப் பொய்யும் இல்லையே சார். அப்பா உலகத் தரமான விளையாட்டு மருத்துவத்தில் இருப்பவர், பையனை விடுதிப் பள்ளிக்கு அனுப்ப வசதி இருக்கிறது, நாடு விட்டு நாடு போனாலும் அங்கே ஒரு நல்ல அணி கிடைக்கிறது. இதே திறமையோடு வசதி இல்லாத வீட்டில் பிறந்திருந்தால் அவன் பெயர் நமக்குத் தெரிந்திருக்குமா? நம் ஊரில் கிரிக்கெட் மட்டையும் பந்தும் இருந்தால் தெருவில் ஆரம்பித்துவிடலாம். இங்கே ஐஸுக்கே மணிக்கணக்கில் வாடகை கட்ட வேண்டும். பணக்கார வீட்டு ஆட்டம் இது, "உழைத்து முன்னுக்கு வந்தான்" என்று கதை கட்ட வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

---

ஸ்காபரோ_அண்ணை:

மொட்டைமாடி தம்பி சொல்லுறதில் பாதி ஓம், பாதி இல்லை. நான் ரொறன்ரோவில் இருபத்தெட்டு வருசம். என்ர மூத்தவன் எட்டு வயதிலயிருந்து பதினைந்து வரைக்கும் ஹொக்கி ஆடினவன். அந்தச் செலவை நினைச்சால் இப்பவும் நெஞ்சு இடிக்கும். விடிய ஐந்தரைக்கு ஐஸ் நேரம் தருவினம், வெளியில மைனஸ் இருபது, காருக்குள்ள ஹொக்கி பாக்கிலயிருந்து வாற மணம்... கையுறை காயாமல் இரண்டு நாள் கிடந்தால் அந்த மணத்துக்குப் பெயர் வைக்கேலாது. மனுசி அந்த பாக்கை வீட்டுக்குள்ள விடமாட்டா, கராஜில்தான் அதுக்கு இடம். சப்பாத்து லேஸை இறுக்கிக் கட்டிக் கட்டி என்ர விரல் இரண்டு மரத்துப்போனது. கால் வளர வளர ஒவ்வொரு வருசமும் புதுச் சப்பாத்து, உடையாத ஸ்ரிக் என்று ஒன்று உலகத்திலயே இல்லை. ஆகவே பணம் வேணும் என்றதில் எனக்கு மறுபேச்சு இல்லை.

ஆனால் தம்பி, ஒரு விசயம். ரிக் செலிப்ரினி டொக்டர் இல்லை, பிசியோதெரப்பிஸ்ட். வாரியர்ஸுக்குப் போக முதல் வான்கூவரில் கனக்ஸ் எண்ட ஹொக்கி அணி, வைற்கப்ஸ் எண்ட கால்பந்து அணி எண்டு வேலை செய்தவர், பாஸ்கெட்போல் ஸ்டீவ் நாஷின்ர முதுகைப் பல வருசம் பார்த்தவரும் அவர்தான். இளமையில் வான்கூவர் எய்ட்டி சிக்ஸர்ஸுக்குக் கால்பந்து ஆடினவர். தாய் ரோபினும் கால்பந்து ஆடினவ. அதாவது இது ஹொக்கிக் குடும்பமே இல்லை! என்எச்எல் ஆடின தகப்பன் மகனுக்கு வழிவிட்ட கதை இங்க எத்தனையோ இருக்கு, இது அந்த வகை இல்லை.

இன்னொண்டு. அந்த வீட்டில நாலு பிள்ளைகள். மூத்தவன் ஏய்டனும் ஹொக்கிதான், டிஃபென்ஸ். தம்பியோட ஒரே வருசம் ஒரே பல்கலைக்கழக அணியில ஆடினவன். அவனை 2023-ல் கனக்ஸ் எடுத்தது ஆறாவது சுற்றில. தங்கச்சி ஆடுறது ரெனிஸ் (டென்னிஸ்). அதே தகப்பன், அதே சாப்பாடு, அதே கராஜ். ஒருத்தன் முதலாம் ஆள், மற்றவன் நூற்றி எழுபத்தோராம் ஆள். பிசியோ தகப்பன்தான் காரணம் எண்டால் மூத்தவனுக்கு என்ன நடந்தது? (ஆறாம் சுற்றெண்டால் குறைவு எண்டு நினைக்காதேங்கோ, என்ர மகனை எடுக்க எந்தச் சுற்றிலயும் ஆள் இல்லை.)

சுந்தர் ஜூனியர் லீக் எண்டால் என்ன எண்டு கேட்டவர். கனடாவில பெரிய வழி சிஎச்எல். அதுக்குள்ள மூன்று லீக்: மேற்கில ஒன்று, ஒன்ராறியோவில ஒன்று, கியூபெக்கும் கிழக்கு மாகாணங்களும் சேர்ந்தது ஒன்று. பதினாறு வயதுப் பெடியன் ஊரை விட்டுப்போய் முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தோட தங்குவான். அதைத்தான் பில்லெட் குடும்பம் எண்டுவினம். அவையள் சாப்பாடு போட்டு, உடுப்புத் தோய்ச்சு, பள்ளிக்கூடத்துக்கும் அனுப்புவினம். எங்கட சனம் இதைக் கேட்டால் "பெத்த பிள்ளையை ஆரிட்டையோ விடுறதோ" எண்டு மூக்கில விரல் வைக்கும். இங்க அது பெருமையான விசயம், வயசான தம்பதிகள் வருசா வருசம் புதுப் பிள்ளையை எடுத்து வளர்ப்பினம்.

செலிப்ரினியை மேற்கு லீகில சியாட்டில் தண்டர்பேர்ட்ஸ் எடுத்து வைச்சிருந்தது. அவன் போகேல்லை. ஏன் எண்டால் அப்ப இருந்த விதி: சிஎச்எல்லில் பெடியளுக்குக் கைச்செலவுக்குக் கொஞ்சம் காசு குடுப்பினம், அதனால அமெரிக்கக் கல்லூரிகள் அவையளைத் தொழில்முறை ஆட்டக்காரர் எண்டு கணக்கெடுக்கும். ஒருக்கால் அங்க ஆடினால் கல்லூரிக் கதவு பூட்டு. பதினைந்து, பதினாறு வயதில ஒரு பிள்ளை முழு வாழ்க்கையையும் தீர்மானிக்க வேணும். 2024 நவம்பரில்தான் அந்த விதியை மாத்தினவை, 2025 ஆகஸ்ட் 1-இலயிருந்து நடைமுறை. அதுக்குப் பிறகு, மேற்கு லீகில மெடிசின் ஹாட் அணிக்கு ஆடின கேவின் மெக்கென்னா 2025-ல் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போனவன். செலிப்ரினிக்கு அந்த வசதி இருக்கேல்லை, அவன் ஒன்றை விட்டுத்தான் மற்றதை எடுக்க வேண்டியிருந்தது.

---

பாஸ்டன்_இட்லி:

அண்ணை சொன்னதில் ஒரு இழையைப் பிடித்துக்கொள்கிறேன், என் பார்வையில் அப்பாவின் தொழில் வேலை செய்த இடம் அங்கேதான்.

மேற்கு லீகில் சீசனுக்கு 68 ஆட்டம், பிளேஆஃப் தனி. பஸ்ஸில் ராத்திரி முழுக்கப் பயணம், காலையில் இறங்கி ஆட்டம். கல்லூரியில் முப்பத்துச் சொச்சம் ஆட்டம், பெரும்பாலும் வெள்ளி, சனி. மற்ற நாட்கள் ஜிம், பயிற்சி, தூக்கம். இன்னும் வளர்ந்து முடியாத உடம்புக்கு எது தேவை என்று ஒரு பிசியோவிடம் கேட்டால் என்ன சொல்வார் என்று யோசித்துப் பாருங்கள். அவர்தான் முடிவெடுத்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த வீட்டில் சாப்பாட்டு மேசையில் "இன்னும் பத்து ஆட்டம் ஆடு" என்பதைவிட "இன்றைக்கு ஓய்வெடு" என்பது ஒரு மரியாதையான வாக்கியமாக இருந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். நம் வீடுகளில் ஓய்வு என்றால் சோம்பேறித்தனம். பள்ளியில் நூறு மீட்டர் ஓடிக்கொண்டிருந்த நான் முட்டி வலிக்கிறது என்று சொன்னதற்கு என் பயிற்சியாளர் "ஓடினா சரியாப் போயிடும்" என்றார். சரியாகப் போகவில்லை. இன்றைக்கும் மாடி ஏறினால் டக்டக் என்று சத்தம் வரும்.

அதே சமயம் பிசியோ மகனுக்கு அடிபடாது என்றும் இல்லை. 2024 அக்டோபர் 10, என்எச்எல்லில் அவனுடைய முதல் ஆட்டம், செயின்ட் லூயிஸுக்கு எதிராக. ஒரு கோல், ஒரு அசிஸ்ட், அரங்கம் கூரை பிய்ந்தது. மறுநாள் பார்த்தால் இடுப்புப் பகுதியில் காயம், அடுத்த 12 ஆட்டம் வெளியே. திரும்பி வந்து மொத்தம் 70 ஆட்டத்தில் 25 கோல், 38 அசிஸ்ட் எடுத்தான். சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் விருதுப் பட்டியலில் மூன்றாவது. வாங்கியது மான்ட்ரியாலின் லேன் ஹட்ஸன், அவனும் அதே வருடம் எங்கள் பாஸ்டன் யுனிவர்சிட்டி அணியில் ஆடியவன்தான் என்பதை இங்கே பெருமையோடு பதிவு செய்கிறேன்.

---

சர்ரே_சரவணன்:

நான் வான்கூவர் பக்கம் சர்ரேயில் இருக்கிறேன், தாமதமாகப் பார்த்தேன். செலிப்ரினி சின்ன வயதில் ஆடியது நார்த் வான்கூவரில் நார்த் ஷோர் வின்டர் கிளப் என்ற இடத்தில். ஐஸும் டென்னிஸ் கோர்ட்டும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கும் கிளப். கானர் பெடார்ட் வந்ததும் அதே கிளப்பிலிருந்துதான். 2023 டிராஃப்டில் முதல் ஆள் பெடார்ட், 2024-ல் முதல் ஆள் செலிப்ரினி. ஒரே கிளப், அடுத்தடுத்த வருடம். இந்தத் தற்செயலைத்தான் எங்கள் ஊர்க்காரர்கள் டீக்கடையில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள் (டீக்கடை என்றால் டிம் ஹார்ட்டன்ஸ்).

மொட்டைமாடிக்கு ஒரு பதில். மலைச்சரிவில் கடலைப் பார்த்த வீடுகள் உள்ள பகுதி அது, மறுக்கவில்லை. ஆனால் எங்கள் சர்ரேயிலிருந்து அர்ஷ்தீப் பெயின்ஸ் என்ற பஞ்சாபிப் பையன் வந்தான். எந்த அணியும் அவனை டிராஃப்டில் எடுக்கவில்லை. ரெட் டியர் ரெபெல்ஸ் அணியில் வருடக்கணக்கில் ஆடி, 2021-22-ல் 43 கோல், 69 அசிஸ்ட், 112 புள்ளி எடுத்து மேற்கு லீகிலேயே முதலிடம். அதே 2022 மார்ச்சில் கனக்ஸ் ஒப்பந்தம் போட்டது, 2024-ல் சொந்த ஊர் அணிக்கே என்எச்எல்லில் இறங்கினான். அவன் முதல் ஆட்டத்தன்று எங்கள் தெருவில் பாதி வீட்டில் டிவி அலறியது, கிரிக்கெட் தவிர வேறெதற்கும் அப்படி நான் கேட்டதில்லை. செலிப்ரினிக்கு பதினெட்டில் கிடைத்தது இவனுக்கு இருபத்து மூன்றில் கிடைத்தது. வசதியும் தொடர்பும் இருந்தால் சீக்கிரம் கண்ணில் படலாம், இல்லாவிட்டால் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும்போது கைவிடாமல் இருக்க வீட்டில் யாராவது காரை ஓட்ட வேண்டும், அவ்வளவுதான்.

---

மொட்டைமாடி:

சரி, அண்ணன் ஆறாவது சுற்று என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த ஒரு பாயிண்டில் தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். ஐஸ் வாடகை விஷயத்தில் இல்லை.

ஒரு சந்தேகம். பெற்றோர் பே ஏரியாவிலேயே இருக்கும்போது முதல் வருடம் அவன் யாரோ ஒரு பழைய வீரர் வீட்டில் தங்கினான் என்று படித்தேனே, அது ஏன்?

---

பாஸ்டன்_இட்லி:

யாரோ ஒரு பழைய வீரர் இல்லை ஐயா, ஜோ தார்ன்டன்! ஷார்க்ஸ் ரசிகரிடம் இப்படிச் சொல்லிவிடாதீர்கள், அடிக்க வருவார்கள். தாடி வைத்த ஜாம்பவான், 2005-ல் எங்கள் பாஸ்டன் புரூயின்ஸ் சான் ஹோசேக்குத் தாரை வார்த்த ஆள். வாரியர்ஸ் வேலை சான் ஃபிரான்சிஸ்கோவில், ஷார்க்ஸ் சான் ஹோசேயில். நடுவில் ஒன்றோ ஒன்றேகாலோ மணி நேர டிராஃபிக், அது உங்களுக்கே தெரியும் சுந்தர். அது தவிர பதினான்கு வயதிலிருந்து வெளியே வளர்ந்த பையன், திரும்ப அம்மா வீட்டு மாடியறைக்குப் போக மனம் வருமா? அண்ணை சொன்ன பில்லெட் வழக்கத்தின் நீட்சிதான் இது. இங்கே உடுப்புத் தோய்த்துப் போடும் வீட்டுக்காரர் ஆயிரத்து ஐந்நூறு புள்ளிக்கு மேல் எடுத்தவர், வித்தியாசம் அவ்வளவுதான்.

---

சான்ஹோசே_சுந்தர்:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு விவரம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஆபீஸ்காரரிடம் அண்ணன் ஆறாவது சுற்று கதையைச் சொன்னேன், "ஓ" என்றார், அப்புறம் காபி எடுக்கப் போய்விட்டார்.

போன சனிக்கிழமை மகனை ஐஸுக்குக் கூட்டிப் போனேன். ஹாக்கி இல்லை, வெறும் ஸ்கேட்டிங் வகுப்பு, வாடகை ஷூ. முதல் அரை மணி நேரம் சுவரை விட்டு நகரவில்லை, அப்புறம் நான்கு அடி போய் விழுந்தான், சிரித்துக்கொண்டே எழுந்தான், மறுபடி விழுந்தான். லேஸ் கட்டும்போது ஸ்காபரோ அண்ணை சொன்னது நினைவுக்கு வந்தது. எவ்வளவு இறுக்கினாலும் பையன் "இன்னும் லூஸா இருக்குப்பா" என்கிறான். பக்கத்தில் ஒரு சீன அம்மா இரும்புக் கொக்கி மாதிரி ஒன்றை வைத்து நொடியில் இழுத்துக் கட்டிவிட்டுப் போனார். அண்ணை, அந்தக் கொக்கி எங்கே கிடைக்கும்?

---

ஸ்காபரோ_அண்ணை:

எந்த ஹொக்கிக் கடையிலயும் கிடைக்கும், விலை பெரிசில்லை. இரண்டாய் வாங்குங்கோ, ஒன்று கட்டாயம் துலையும். பாக்கை கராஜில வைக்கிறதுக்கு இப்பவே இடம் பாருங்கோ.